கடைசியாகப் பையில் கைவிட்டவர்

தராசு இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறையாவது நான் அங்கே காரை விடுகிறேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நிழல் விழும் மூலையைக் காட்டுவார். "அங்க விடுங்க தம்பி, உள்ள சூடாகாது" என்பார். நானும் அங்கேதான் விடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டிய காரியங்களை இதற்கு முன்னாலேயே நிறையச் செய்தாகிவிட்டது.

அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டினார். தண்ணீர்ப் பம்பு, மின்விசிறி, துணி துவைக்கிற மெஷின் என்று எரிந்துபோன எந்த மோட்டாரைக் கொண்டுபோனாலும், கருகிய செம்புக் கம்பியை உரித்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடந்த சந்துக்குத் தகரக் கூரை போட்டதுதான் கடை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். எண்பது சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் எண்பதுதான் சுற்றுவார். "எழுபத்தெட்டோட நிறுத்தினா யாருக்குண்ணே தெரியப்போவுது?" என்று ஒருமுறை கேட்டேன். "மோட்டாருக்குத் தெரியும்ல" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று பழகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தராசு என்பது நாங்கள் வைத்த பெயர். நாங்கள் என்றால் ரிமோட் கார்ப் பந்தயச் சங்கம். பன்னிரண்டு பேர். எல்லாரும் தலை நரைக்கத் தொடங்கிய பிள்ளைகுட்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய சரக்குக் கிடங்கின் பின்புறம் கூடுவோம். சிமெண்டுத் தரையில் பழைய தீயணைப்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டால் பாதை தயார். பலகை மேடையில் வரிசையாக ஏறி நின்று, ரிமோட்டைக் கையில் பிடித்துவிட்டால் ஒருவனுக்கும் வயது ஞாபகம் இருக்காது. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எங்கள் செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் நிதானம் கற்றுக்கொடுத்துவிட்டு இங்கே வந்து முழங்கை நீளக் காரைப் பேய் பிடித்தவர்போல ஓட்டுவார்.

முதலில் அவரவர் மோட்டார் அவரவருடையது. விலை கூடிய மோட்டார் வைத்திருந்தவன் ஜெயித்தான். கைத்திறமை வைத்திருந்தவன் வேடிக்கை பார்த்தான். இதை மாற்றியது தராசுதான். "எல்லாருக்கும் ஒரே மோட்டார் குடுங்க. அப்புறம் யாரு ஓட்டுறாங்கன்னு பாப்போம்" என்றார். வருடத்துக்கு ஒருமுறை ஒரே கம்பெனியின் ஒரே வகை மோட்டார்களில் பதினைந்து வாங்குவோம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை ஒன்றில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று ஓடும், ஒன்று நடக்கும். தராசு பதினைந்தையும் ஒரே பேட்டரியில் ஓட்டி, மீட்டர் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்று அளப்பார். இருபத்திரண்டாயிரத்தை ஒட்டி வருகிற பன்னிரண்டை வைத்துக்கொண்டு, முன்னே பின்னே போகிற மூன்றைத் திருப்பி அனுப்பச் சொல்லிச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார். வைத்துக்கொண்ட பன்னிரண்டின் திருகாணித் தலைகளிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். அதுதான் சீல். எவனாவது திருகாணியைத் தொட்டால் பூச்சு விரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மோட்டார்கள் செயலாளரின் தகரப் பெட்டியில் பூட்டியிருக்கும். ஞாயிறு காலை அவற்றைத் துணிப்பையில் போட்டுக் குலுக்குவார். ஒவ்வொருவராகக் கைவிட்டு ஒன்றை எடுத்துக் காரில் மாட்டுவோம். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று பேரின் மோட்டாரை மட்டும் தராசு மறுபடி அளப்பார். அளவு கூடியிருந்தால் அந்த ஆளுக்குப் பரிசு கிடையாது, மோட்டாரை அங்கேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். தன் மோட்டாரைத் தானே அளக்கக் கூடாது. தன் மோட்டாரை வேறொருவர் அளக்கும்போது மீட்டருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இவையெல்லாம் அவர் எழுதிய விதிகள். எழுதாத ஒரு விதியும் அவருக்கு உண்டு. பையில் கைவிடுவதில் எப்போதும் அவர்தான் கடைசி. "அளந்தவனே முதல்ல எடுத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்பார். முதல் பதினொரு பேர் எடுத்தபின் மிஞ்சுவது அவருக்கு.

இரண்டாவது வருடக் கடைசிப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். என் மனைவி, மகள், மைத்துனன் குடும்பம் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தராசு என் மோட்டாரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம சீல் இல்லையே" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

செய்திருந்தேன்தான். தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே கிடைத்த இடைவேளையில், கார் உறைக்கு உள்ளே கையை விட்டு, இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, மோட்டாரின் பின்மூடியை ஒரு நூல் திருப்பிவிட்டேன். அவ்வளவில் வேகம் கூடும். பிறகு என் மனைவியின் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். தராசு வைத்தது கருஞ்சிவப்பு, நான் வைத்தது ஒரு மாற்றுக் குறைவான சிவப்பு. கண்ணாடிக் கடைக்காரன் நிறத்தில் கோட்டை விட்டேன். மீட்டரில் வைத்தார், அதுவும் கூடுதலாகக் காட்டியது. கோப்பை கை மாறியது. ஆறு மாதம் வரக் கூடாது என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். மறுநாள் தராசு என் கடைக்கு வந்து, "மனசுல வச்சுக்காதீங்க தம்பி" என்றார். திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். அந்த ஆறுதலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது செயலாளரும் வயிற்றெரிச்சலில் இருந்தார். எப்போதோ அவருடைய வெற்றி ஒன்றையும் தராசு ரத்து செய்திருந்தார். டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, திருப்பி அனுப்ப வேண்டிய மூன்று மோட்டார்களில் மிக மட்டமான ஒன்று இன்னும் தன் பெட்டியில் கிடப்பதாகச் சொன்னார். இருபதாயிரத்து எண்ணூறைத் தாண்டாத சோம்பேறி. அவர் சிரித்தார், நான் சிரித்தேன். வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை. கருஞ்சிவப்பு நகப்பூச்சு வாங்கி வந்து நானே அதற்குப் பொட்டு வைத்தேன். இந்த முறை நிறம் பிசகவில்லை.

செய்வது மிகச் சுலபம். பதினொரு பேர் எடுத்தபின் பையில் ஒரே மோட்டார். தராசு கைவிட வரும்போது செயலாளர், "இருங்கண்ணே, துணி மாட்டிக்கிச்சு" என்று சோம்பேறியை மறைத்து வைத்த தன் கையை உள்ளே விடுவார். வெளியே வருவது சோம்பேறி. நல்லது செயலாளரின் கால்சட்டைப் பைக்குப் போய்விடும். முதல் மூன்று இடத்துக்குள் வராத மோட்டாரை யாரும் அளக்கப்போவதில்லை. அவரே எழுதிய விதி.

முதல் ஞாயிறு தராசு பதினோராவதாக வந்தார். பன்னிரண்டாவது ஆளுக்குச் சக்கரம் கழன்றுவிட்டது. நானும் செயலாளரும் கிடங்குச் சுவருக்குப் பின்னால் போய்க் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஒரு வாரத்து வேடிக்கை என்றுதான் ஆரம்பித்தோம். அடுத்த வாரமும் சிரிப்பு வந்தது. அடுத்த வருடம் புது மோட்டார்கள் வந்தபோது, கழித்த மூன்றில் மட்டமானதை எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இப்படி ஆறு வருடம்.

ஆறு வருடமும் அவர் மோட்டாரைச் சந்தேகிக்கவில்லை. தன்னைச் சந்தேகித்தார். கை நடுங்குகிறதோ என்று டீயை விட்டார். கடைச் சந்தில் வார்னிஷ் டப்பாக்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே காரை ஓட்டிப் பழகினார். ஒருநாள் என் கடைக்கு வந்து, "திருப்பத்துல சீக்கிரமே வேகத்தக் கொறச்சிடுறேன் போல. கண்ணு சரியில்லையோ என்னவோ, பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று உட்கார்ந்தார். பார்த்தேன். ஐம்பது வயதுக்காரனுக்கு அப்படிப்பட்ட கண் அமைவது அபூர்வம். எழுத்து அட்டையின் கடைசி வரியைத் தாண்டி, கீழே பொடியாக இருந்த அச்சுக்கூடத்தின் பெயரைக்கூடப் படித்தார். "லேசாப் பவர் இருக்குண்ணே" என்று சொல்லி, இருந்தும் இல்லாததுமான ஒரு கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு வந்து ஒன்பதாவதாக முடித்தார். "இப்ப திருப்பம் பளிச்சுன்னு தெரியுது தம்பி" என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

எனக்கு அவரைச் சீண்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தது. செயலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருமுறை கேட்டேன்.

"அண்ணே, ஒருவேளை உங்களுக்கு வர்ற மோட்டாரே மட்டமா இருக்குமோ?"

தராசுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "அதெப்படி இருக்கும்? நான் அளந்தது. ஆளு மட்டம்னா மோட்டார் மேல பழி போடக் கூடாது தம்பி" என்றார். செயலாளர் கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அவருடைய மனைவியும் ஞாயிறு தவறாமல் வருவார். நாங்கள் அண்ணி என்போம். யாரோடும் அதிகம் பேசமாட்டார். நேர்பாதை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஸ்டாப்வாட்சும் நீளமான நோட்டுமாக உட்கார்ந்திருப்பார். கணவர் கேட்டுக்கொண்டபடி, கடைசித் திருப்பத்திலிருந்து கோடு வரை அவர் கார் எத்தனை நொடியில் வருகிறது, பக்கத்தில் ஓடுகிற கார் எத்தனை நொடியில் வருகிறது என்று சுற்றுக்குச் சுற்று எழுதுவார். நேர்பாதையில் எல்லாரும் தன்னைத் தாண்டிப் போவது ஏன் என்று தராசு அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டார். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது வேகம் போதவில்லை என்று முடிவுகட்டினார். அதற்காகத் திருப்பத்துக்குள் வேகத்தைக் குறைக்காமலே போகப் பழகினார். மழை பெய்து தரை வழுக்கிய ஒரு ஞாயிறு, மோட்டாரின் சக்தி யாருக்குமே பயன்படாத அன்று, நான்காவதாக வந்துவிட்டார். இன்னொரு இடம் முன்னால் வந்திருந்தால் சோம்பேறியை மீட்டரில் வைத்திருப்பார்கள். செயலாளருக்கு அன்று மழையிலும் வியர்த்தது.

எங்கள் குட்டு உடைந்தது வயிற்றுவலியால். எட்டாவது வருடக் கடைசிப் பந்தயத்துக்கு முதல்நாள் செயலாளருக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தனுப்பினார். சோம்பேறி அவர் கழற்றிப் போட்ட கால்சட்டையோடு வீட்டில் கிடந்தது. போய் எடுத்து வந்திருக்கலாம். ஒரு வாரம்தானே, இந்த ஆள் நல்ல மோட்டாரில்தான் என்ன கிழித்துவிடப் போகிறார் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு காலை பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். செயலாளர் போக மீதிப் பத்துப் பேர் எடுத்தோம். தராசு கடைசியாகக் கைவிட்டு, ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தானே தன் மோட்டாரை எடுத்தார்.

அவர் ஓட்டியதை நான் விவரிக்க விரும்பவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நேர்பாதையில் நானும் அவரும் ஜோடியாக வந்தோம். ஒரு அங்குலம் முன்னே பின்னே இல்லை. திருப்பம் வந்ததும் நான் விரலைத் தளர்த்தினேன், எல்லாரையும்போல. அவர் தளர்த்தவில்லை. சோம்பேறி மோட்டாரில் விரலைத் தளர்த்தினால் வேகம் திரும்பி வராது என்பதை ஆறு வருடம் கற்றிருந்தார். குழாயை உரசாமல், தரையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கார் நீளம் என்னிடமிருந்து பறித்தார். கடைசியில் என்னை ஒரு முழுச் சுற்று பின்னால் தள்ளிவிட்டு முடித்தார். ஆறு வருடம் நாங்கள் செய்த அயோக்கியத்தனம், எங்களில் யாருக்கும் வராத ஒரு கையை அவருக்கு வளர்த்துக் கொடுத்திருந்தது.

கைதட்டினார்கள். தராசு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அண்ணியைத் தேடினார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். தராசு சிறுபிள்ளைபோலச் சிரித்தார். என் வயிறு எரிந்தது. இதை வேறு சொல்லில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தவரின் மோட்டாரை அளக்க வேண்டும். வந்தவர் தராசு, செயலாளரும் இல்லை என்பதால் அளக்க வேண்டியவன் பெட்டிச் சாவி வைத்திருந்த நான். அவர் விதிப்படி மீட்டருக்கு முதுகைக் காட்டி நின்றார். மேசைக்கு எதிர்ப்புறம் எங்கள் சங்கத்துத் தையல்காரர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் படிக்க, அவர் எழுத வேண்டும். வெயில் மீட்டரில் பட்டதால் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். இருபத்திரண்டாயிரத்து நூறு. இம்மி பிசகாத மோட்டார்.

அந்த இரண்டு நொடியில் நான் நிறைய யோசித்தேன். எட்டாவது, ஒன்பதாவது வந்த ஆள் எப்படி ஒரு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தான் என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அவரே கேட்பார். கணக்குத் தெரிந்த மனுஷன், திங்கட்கிழமைக்குள் பையில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்பதில் வந்து நிற்பார். இதெல்லாம் பயம். இரண்டாவதாக வந்தவன் நான் என்பதால் கோப்பை ஆசையும் இருந்தது. ஆனால் பயத்துக்காகவும் கோப்பைக்காகவும் செய்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மரியாதையான காரணமாகிவிடும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் சகிக்க முடியவில்லை. அதனால் செய்தேன்.

"இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று படித்தேன்.

தையல்காரர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். கைதட்டல் அடங்கிவிட்டது. தராசு திரும்பவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க தம்பி" என்றார்.

மறுபடி ஓட்டினேன். மறுபடி இருபத்திரண்டாயிரத்து நூறு. "அதேதாண்ணே" என்றேன்.

"நீங்களே ஒரு தடவ பாத்துடுங்கண்ணே" என்றார் தையல்காரர்.

"என் மோட்டார நான் பாக்கக் கூடாது" என்றார் தராசு.

"அப்ப நான் பாக்குறேன்" என்று தையல்காரர் மேசையைச் சுற்றி வரத் தொடங்கினார். நான் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கி மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ரெண்டு தடவ பாத்தாச்சு. விதியில ரெண்டு தடவதான்" என்றேன். அதுவும் உண்மைதான், அவர் எழுதியது.

பின்னாலிருந்து ஒரு குரல், "வருஷா வருஷம் கடைல தனியா உக்காந்து அளந்தவருதானே" என்றது. யார் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லமாட்டேன், நான் சொல்ல நினைத்ததைத்தான் அந்த ஆள் சொன்னான்.

தராசு அப்போதுதான் திரும்பினார். "வேணும்னு பண்ணல. ஆனா அளந்தது நான், சீல் வச்சது நான். தப்பு என்னோடதுதான்" என்றார். சுத்தியலைக் கேட்டார். நான் உடைக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. மோட்டாரை இரும்புத் துண்டின்மேல் வைத்து மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் அச்சு வளைந்து, ஓடு பிளந்து, உள்ளே இருந்த செம்புச் சுருள் வெளியே வந்தது. தான் நியாயமாக ஜெயித்ததற்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே உடைத்தார். கோப்பையை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

திங்களும் செவ்வாயும் அவர் கடையைத் திறக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீடாக, கடையாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு மோட்டாரைத் தப்பாக அளந்தவன் எட்டு வருடமாக எத்தனை மோட்டாரைத் தப்பாக அளந்தானோ, யார் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை யார் ஜெயித்தார்களோ என்பது அவர் கவலை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடல்வால் எடுத்த செயலாளரிடமும் கேட்டிருக்கிறார். "தையல் பிரிஞ்சிடும், சிரிக்க வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் செயலாளர் என்னிடம். அன்று எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

என்னிடம் கடைசியாக வந்தார், செவ்வாய் மதியம். நான் ஒரு சட்டத்துக்குக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்ககிட்ட வரத்தான் தம்பி பயமா இருந்துச்சு" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்கள நிறுத்தி வச்சேனே. உங்க பொண்ணுகூட வந்திருந்தா. சீல் நெறம் வேறன்னு சொன்னேன். இப்ப யோசிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு. அப்ப நான் கண்ணாடி போடல. கண்ணு கொறையா இருந்திருக்கு, அதுவும் நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. மீட்டரையும் தப்பாத்தான் படிச்சிருப்பேன். செய்யாத தப்புக்கு உங்களத் திருடன் ஆக்கிட்டேன்."

அவர் மூக்கின்மேல் நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. இல்லை அண்ணே, நான் திருடன்தான் என்று சொல்ல அந்த இடத்தைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. கடையில் வேறு யாரும் இல்லை. நான் கண்ணாடித் துணியை மடித்து வைத்தேன்.

"விடுங்கண்ணே. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். வார்னிஷ் காய்ந்து தோல் தடித்த கைகள். சிறிதும் நடுங்கவில்லை.

அந்த வாரம் ஒரு பம்பு மோட்டாருக்கு மூன்று முறை காயில் சுற்றி மூன்று முறையும் பிரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எண்ணிக்கையில் நம்பிக்கை வரவில்லையாம். வந்தவர்களை வேறு கடைக்குப் போகச் சொன்னாராம். சனிக்கிழமை மதியம் அண்ணி என் கடைக்கு வந்தார். கையில் அந்த நீள நோட்டு. என் முன்னால் மேசையில் விரித்து வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஆறு வருஷமா நேர்பாதைல அவரு உங்கள விட அரை செகண்டு லேட்டு. மழ பெஞ்ச நாளத் தவிர ஒரு வாரம்கூடத் தப்பல. போன ஞாயிறு மட்டும் ரெண்டு பேரும் ஒரே நேரம். மோட்டார் கூடுதல்னா நேர்பாதைலதான தம்பி உங்கள முந்தியிருக்கணும்? அங்க முந்தல. திருப்பத்துல முந்தினாரு. அது மோட்டார் இல்ல, கை."

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் நான் விடுகிற ஆள் இல்லை. "ஸ்டாப்வாட்ச் பிடிச்சது நீங்க. நீங்க அவரு சம்சாரம். இத யாரு நம்புவாங்க அண்ணி?" என்றேன்.

"யாரையும் நம்ப வைக்க வரல" என்றார். நோட்டை மூடினார். "அவரு இந்த வாரம் இதக் கேக்கல. கேட்டா தொலஞ்சிடுச்சுன்னு சொல்லப்போறேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இதக் காட்டினா அவருக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும். கை தப்பு பண்ணிடுச்சுன்னு இப்ப அழறாரு. அது என்னைக்காவது ஆறிடும். கூட நின்னவங்க ஆறு வருஷமா சிரிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா, அது ஆறாது தம்பி. அவருக்கு உங்கள விட்டா வேற சிநேகம் யாரு இருக்கா?"

எழுந்தார். நானும் எழுந்தேன். வாசல்வரை போய் நின்றார்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களாமே. வீட்டுக்கு வந்து அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பச்சத் தண்ணி மட்டும் குடிச்சிட்டிருந்தவரு, அன்னைக்குத்தான் சாப்பிட உக்காந்தாரு. உங்களுக்கு ஒருநாள் மனசு உறுத்தும். உண்மையச் சொல்லிடலாம்னு தோணும். தயவுசெஞ்சு எங்க வீட்டுக்கு வந்துராதீங்க. மன்னிச்சது மன்னிச்சதாவே இருக்கட்டும்."

"சரி அண்ணி" என்றேன்.

இதுவரை போகவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டதால்தான் போகவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கிறது.